விருத்தாசலம் சூளையின் மூன்று பட்டியல்

ஒரு வாரத்தில் திரும்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் மலேசியாவிலிருந்து கிளம்பினேன். வீடு வந்து சேர்ந்தது பதினைந்தாம் நாள். நடுவில் கூடிய அந்த ஒரு வாரத்துக்கு விமானமும் காரணமில்லை, மழையும் காரணமில்லை. என் வாய்தான் காரணம்.

கெடா மாநிலத்தில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்குப் புதிய கட்டடம் எழுந்திருக்கிறது. எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் மத்திய அரசின் கையில், அது நிற்கும் நிலம் மாநில அரசின் கையில். இரண்டு கைகளுக்கும் நடுவே எங்கள் கோப்பு வருடக்கணக்கில் போய்ப் போய் வந்தது. கடைசியில், வகுப்பறைக் கதவுகளுக்குப் பெயர்ப்பலகை வைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு என்று பெற்றோர் குழுவிடம் சொன்னார்கள். இந்த அதிகாரமாவது கிடைத்ததே என்று குழுத் தலைவியான நான் குதித்துக்கொண்டு ஏற்றேன். பீங்கானில் செய்வோம், இலைப்பச்சை நிறத்தில் செய்வோம், விருத்தாசலத்தில் என் சித்தப்பா மகள் செல்வி பீங்கான் பட்டறை வைத்திருக்கிறாள், நானே போய் வாங்கி வருகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. முப்பது வருடம் இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன்; ஒரு நாள்கூட நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கூட்டாட்சிப் பாடம் வந்தால் பலகையில் மூன்று கட்டம் போடுவேன். மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். எனக்கு மட்டும் அது திகில் கதை மாதிரி இருக்கும்.

செல்வியின் வீடு கருவேப்பிலங்குறிச்சியில். இரண்டாம் நாள் காலையில் பச்சை முந்திரிக் குழம்பும் இட்லியும் கொடுத்தாள். இட்லிக்கு முந்திரியா என்று கேட்டேன். "சீசன்ல எல்லாத்துக்கும் அதாங்க்கா, சாப்பிடுங்க" என்றாள். எங்கள் ஊரில் முந்திரியை எண்ணித்தான் பாயசத்தில் போடுவோம். இங்கே கரண்டியால் அள்ளி ஊற்றினாள். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

விருத்தாசலம் பஸ் ஊரைத் தாண்டவில்லை, அதற்குள் எதிரே பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக வந்து வழியை அடைத்தன. அதைத் தாண்டினால் ஒரு ரயில்வே கேட், மூடியிருந்தது. ரயில் வரவில்லை. கால் மணி நேரம் கழித்தும் வரவில்லை. நான் எழுந்து, படிக்கட்டு வரை போய், திரும்பி வந்து, மறுபடி எழுந்தேன்.

"உக்காருங்கம்மா, கேட்டு உங்களப் பாத்துத் தெறக்காது" என்றார் கண்டக்டர்.

"ரயில்தான் இல்லையே, கொஞ்சம் திறந்து விடச் சொல்லலாமே?"

"அது சென்ட்ரல் கவர்மெண்டு. நம்ம பஸ்ஸு ஸ்டேட்டு. நாம சொன்னா அவங்க எப்படிக் கேப்பாங்க?"

பக்கத்து சீட்டில் கூடையோடு இருந்த பெண் சிரித்தாள். "ரெண்டும் நம்ம கவர்மெண்டுதான். நம்மளத்தான் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

முப்பது வருடப் பாடத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டாளே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

செல்வியின் செட்டில் (பட்டறையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) என் பலகைகள் காய்ந்து தயாராக இருந்தன. 'ஒன்றாம் வகுப்பு', 'நூலகம்', 'ஆசிரியர் அறை' என்று எழுத்துகள் புடைத்து நின்றன. போனில் சொன்னபடியே அச்சில் வார்த்து வைத்திருந்தாள். இனிக் கிளேஸ் பூசிச் சுட வேண்டியதுதான். கிளேஸ் என்பது மேலே பூசும் பால் போன்ற கரைசல். சூளையில் உருகிக் கண்ணாடிப் பளபளப்பாகிறது. பூசும்போது அது பச்சையாகவே தெரிவதில்லை, சேறு மாதிரி இருக்கிறது. இதுவா இலைப்பச்சை என்று நான் ஐந்து தரம் கேட்டேன்.

செல்விக்குச் சொந்தச் சூளை கிடையாது. நான்கு செட்காரர்கள் சேர்ந்து ஒரே கேஸ் சூளையை வைத்திருக்கிறார்கள். சரக்கை அடுக்க ஆளுக்கு ஒரு தட்டு வரிசை, அதுதான் ராக். தீயைப் பார்த்துக்கொள்பவர் இருதயராஜ். அறுபது வயது, வெடித்த குரல், கையில் எப்போதும் ஒரு ஈரத்துணி. செல்வியின் பக்கத்து ராக் அன்வர் பாயுடையது. மங்கலம்பேட்டைக்காரர், பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து வெள்ளைக் கப் செய்கிறார். செல்வி அவரிடம்தான் பன்னிரண்டு வருடம் கூலிக்கு வேலை செய்தாள். போன வருடம் ஒருவர் விலகியபோது அந்த ராக்கை அவள் கேட்டு வாங்கினாள். அந்தச் சூளையில் ராக் வைத்திருக்கும் முதல் பெண் அவள்தான். வரிசையில் இன்னும் மூன்று பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

சூளையின் பக்கத்துச் சுவரில், மூலையில் ஓட்டை போட்ட நீள நோட்டு ஒன்று ஆணியில் தொங்கியது. புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மூன்று கட்டம்.

என் கண்ணையே நம்ப முடியவில்லை. 'சூளை' என்ற கட்டத்தில்: தீ மூட்டும் நேரம், சூடு, கதவு திறப்பது, எந்தச் சுற்றில் எந்தச் சரக்கு. 'செட்' என்ற கட்டத்தில்: மண், அச்சு, நிறம், யாருக்கு விற்பது. 'பொது' என்ற கட்டத்தில்: கேஸ், கூரை, தண்ணீர்த் தொட்டி, வண்டி நிற்கும் இடம். கீழே ஒரு வரி: பொதுவில் சண்டை வந்தால் சூளை சொல்வதே முடிவு. இன்னொரு வரி: ஈரம் காயாத சரக்கை வைத்து அடுத்தவர் சரக்கு கெட்டால், வைத்தவர் ராக்கை விட்டுவிட வேண்டும்.

"இதை யார் எழுதியது? அரசியல் சட்டம் படித்தவரா?"

"நான்தாங்க" என்றார் அன்வர் பாய். "துபாய்ல கேம்ப்ல பன்னெண்டு பேருக்கு ஒரே அடுப்பு. மீன் பொரிக்கிறவன், சாம்பார் வெக்கிறவன், ரெண்டுமே ஆவாதுன்றவன். தெனம் சண்டை. அடுப்பப் பாத்துக்கறவனுக்கு என்ன அதிகாரம், சட்டிக்காரனுக்கு என்ன அதிகாரம்னு செவுத்துல எழுதி ஒட்டினோம். அப்பறம்தான் சோறு எறங்கிச்சு. அதையேதான் இங்க எழுதினேன்."

நான் விடுவேனா? வகுப்பே எடுத்துவிட்டேன். "இந்தியாவிலும் இப்படித்தான், எங்கள் நாட்டிலும் இப்படித்தான். பொதுப் பட்டியலில் இரண்டு சட்டம் மோதினால் பெரும்பாலும் மத்தியச் சட்டம் மேலே நிற்கும். ஆனால் மூன்று கட்டத்திலும் இல்லாத ஒன்று புதிதாக முளைத்தால் யாருக்குச் சொந்தம்? அதை எஞ்சிய அதிகாரம் என்பார்கள். இந்தியாவில் அது மத்திய அரசுக்குப் போகும். மலேசியாவில் மாநிலத்துக்குப் போகும். உங்கள் நோட்டில் அது இல்லையே?"

இருதயராஜ் ஈரத்துணியால் கையைத் துடைத்தார். "எல்லாம் எழுதியாச்சுங்க டீச்சர். இல்லாதது இனிமே என்ன வந்துடப் போவுது?"

மூன்றாம் நாள் சூளையில் அடுக்கும் வேலை. என் பலகைகளை எடுத்துப் போனபோது இருதயராஜ் தலையை ஆட்டினார். பச்சையைத் தனிச் சுற்றில்தான் சுடுவார்களாம், அடுத்த வாரம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏழாம் நாள் எனக்கு விமானம். பத்தாம் நாள் அங்கே திறப்பு விழா.

"ஏன் தனிச் சுற்று? நோட்டில் அப்படி இல்லையே" என்றேன்.

"நோட்டுல இல்லீங்க. பழக்கம்."

"எழுதாத பழக்கத்துக்காக ஒரு பள்ளிக்கூடமே காத்திருக்க வேண்டுமா அண்ணே? எந்தச் சுற்று என்பது உங்கள் கட்டத்தில்தானே இருக்கிறது? உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதே!"

நான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் ஒரு தட்டை வைத்தால் நான் ஒரு காரணம் சொன்னேன். அன்வர் பாய் அன்று மங்கலம்பேட்டையில் ஒரு ஜனாசா அடக்கத்துக்குப் போயிருந்தார். செல்வி ஒரு தரம், "அக்கா, வேணாங்க்கா, கூரியர்ல அனுப்பி வெக்கிறேன்" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. கடைசியில் இருதயராஜ் பெருமூச்சு விட்டார். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து கேக்கறீங்க. எப்படி முடியாதுன்றது? ஒரு தரம்தானே. மூலையில வெச்சுடறேன்."

எங்கள் ஊரில் ஒரு அதிகாரியிடம் இப்படிக் கேட்டிருந்தால் படிவத்தை நீட்டியிருப்பார். இங்கே விருந்தாளிக்கு முடியாது என்று சொல்ல ஆளில்லை. அதை நான் ஊரின் நல்ல குணம் என்று மெச்சிக்கொண்டேன்.

நான்காம் நாள் தீ. ஐந்தாம் நாள் ஆறும் நாள். திறக்கக் கூடாது, தொடக் கூடாது. நான் கடைவீதியை எட்டுத் தரம் அளந்தேன். ஒரு கடையில் பரோட்டாவை இரண்டு கையாலும் தட்டிப் பிய்த்துச் சால்னாவில் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் ரொட்டி சானாய் இதற்குத் தங்கை முறை ஆக வேண்டும். ஆனால் இந்தச் சால்னாவின் காரத்துக்கு அவள் அழுதுவிடுவாள். திரும்பி வந்து சூளைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். "சுடுதான்னு நான் பாத்துக்கறேன், நீங்க போய் டீ குடிங்க" என்று இருதயராஜ் விரட்டினார்.

ஆறாம் நாள் காலை கதவு திறந்தது. ராக்குகளைத் தாங்கிய தள்ளுவண்டி வெளியே வந்தது. என் பலகைகளைத்தான் முதலில் பார்த்தேன். மழைக்குப் பின் வாழையிலை மாதிரி அப்படி ஒரு பச்சை. கைதட்டிவிட்டேன்.

வேறு யாரும் கைதட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். அன்வர் பாயின் கப்புகள் வெள்ளையாக இல்லை. பலகைகளை ஒட்டியிருந்த இரண்டு தட்டுகளில் இருந்தவை எல்லாம் ஒரு பக்கம் ரோஸ் நிறத்தில், அறை வாங்கிய கன்னம் மாதிரி சிவந்திருந்தன.

பச்சைக் கிளேஸில் குரோமியம் இருக்குமாம். சூட்டில் அது ஆவியாகக் கிளம்பும். அன்வர் பாய் வெள்ளை நன்றாக எடுக்க வேண்டுமென்று வெள்ளீயம் சேர்ப்பவர். அந்த ஆவி வெள்ளீயத்தைத் தொட்டால் ரோஸ். துடைத்தாலும் போகாது, திரும்பச் சுட்டாலும் போகாது. அதனால்தான் தனிச் சுற்று. எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் கப்புகள் அவருடைய அக்கா மகள் கல்யாணத்துக்கு. இன்னும் பத்து நாளில் கல்யாணம்.

அன்வர் பாய் கத்தவில்லை. ஒரு கப்பை எடுத்தார், திருப்பினார், வைத்தார். "பச்ச யாருது?" என்று மட்டும் கேட்டார். கேட்க வேண்டியதே இல்லை. அடியில் செல்வியின் செட் முத்திரை இருந்தது.

மற்ற இரண்டு செட்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். நோட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். ஒருவர், "அடுத்தவங்க சரக்கு கெட்டா ராக்க விடணும்னு இருக்குது" என்றார். இன்னொருவர், "அது ஈரச் சரக்குக்கு. இது ஆவி. நிறம் செட்டோட கட்டம், அடுக்கறது சூளையோட கட்டம். ஆவி யாரோட கட்டம்?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டீச்சரு அன்னிக்கே சொன்னாங்கல்ல, எதுலயும் இல்லாதது வந்தா யாருக்குன்னு? நீங்களே சொல்லுங்க. வெளியூரு, படிச்சவங்க, பொதுவா சொல்லுவீங்க" என்றார் முதலாமவர்.

நான் எழுந்து நின்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: முதல் இரண்டு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்திய வழக்கப்படி பார்த்தால் எஞ்சியது சூளைக்குப் போகும் என்றேன். இருதயராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். "எழுதாததெல்லாம் என் தலையிலயா? வேணாம் தாயி." மலேசிய வழக்கப்படி செட்டுக்குப் போகும் என்றேன். செட்காரர்கள் மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். நாடுகளில் எல்லாம் இந்த அதிகாரத்துக்காக நீதிமன்றம் வரை போய் அடித்துக்கொள்கிறார்கள். இங்கே அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

அப்போது செல்வி எழுந்தாள். கிளேஸ் காய்ந்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்குங்க பேச்சு? நான்தான் இருதயராஜ் அண்ணங்கிட்ட கேட்டேன். எம்மேலதான் தப்பு. ராக்க எடுத்துக்கங்க."

இருதயராஜ் தரையைப் பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். நான் பேசாமல் இருந்துவிட்டால் போதும். நாளைக்கு விமானம். பலகைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் தெரியாது. நீதிபதி நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவள் கேட்கவில்லை, பாய். வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான்தான் அண்ணனை நச்சரித்தேன். விமானத்துக்கு நேரமாகிறது என்று நான்தான் வைக்கச் சொன்னேன். என் வழக்கில் நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னை விட்டுவிடுங்கள்."

அன்வர் பாய் நோட்டை மூடி வைத்தார். பிறகு செல்வியிடம் திரும்பினார், என்னிடம் இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த போன்ல கேட்டிருக்கலாம்ல தங்கச்சி? என் கப்ப நானே அடுத்த சுத்துக்குத் தள்ளியிருப்பேன். தீக்காரர கேட்டீங்க, சட்டத்த கேட்டீங்க. பக்கத்துல வேவறவன யாரும் கேக்கல."

முப்பது வருடம் மேலே யார், கீழே யார் என்றே பாடம் நடத்தியிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவனுக்கு நான் கட்டமே போட்டதில்லை.

முடிவு இப்படி ஆனது. செல்வியின் ராக் செல்விக்கே. ஆனால் வரும் சுற்றில் அதை அன்வர் பாய்க்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு ராக்கிலும் அவர் புதுக் கப் வைப்பார். இருதயராஜ் கல்யாணத்துக்கு முன்பே ஒரு சுற்றுப் போட்டுத் தருவார். எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். விருந்தாளிக்கு என்ன தண்டனை என்று சிரித்தார்கள். நானே விமானத்தைத் தள்ளிப் போட்டேன். பலகைகளைக் கூரியரில் அனுப்பினேன்.

அன்று பஸ்ஸில் செல்வியிடம் கோபமாகக் கேட்டேன். "பன்னிரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய ராக். எனக்காகவா விடுவாய்? பைத்தியமா நீ?"

அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். "வூட்டுக்கு வந்தவங்கள நாலு பேரு முன்னாடி எப்படிக்கா காட்டிக் கொடுக்கறது?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லாமப் போயிருந்தா ராக்குக்காக அழுதிருக்க மாட்டேன். உங்களுக்காகத்தான் அழுதிருப்பேன்" என்றாள். அந்த ரயில்வே கேட் மறுபடி மூடியிருந்தது. இந்தத் தடவை நான் எழுந்து நிற்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் நான் பார்த்த விருத்தாசலம் ஒரு மரப் பலகையும் ஒரு வாளித் தண்ணீரும்தான். கிளேஸில் முக்கிய கப்பின் அடிப்பாகத்தை ஈர ஸ்பாஞ்சால் வட்டமாகத் துடைக்க வேண்டும். விட்டால் கப் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டால் பக்கமெல்லாம் கீறும். முதல் நாள் நான் கெடுத்ததை எல்லாம் அன்வர் பாய் ஒன்றும் சொல்லாமல் தனியே எடுத்து வைத்தார். மூன்றாம் நாள் அவர் வீட்டிலிருந்து தால்ச்சாவும் நெய்ச்சோறும் வந்தது. என் பங்கை என் பக்கம் நகர்த்தி வைத்து, "சாப்பிட்டுத் தொடைங்க டீச்சர்" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

திறப்பு விழாவை போனில்தான் பார்த்தேன். பச்சைப் பலகைக்குக் கீழே பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவி இல்லாமலேயே கதவு திறந்திருந்தது. கையில் ஸ்பாஞ்சோடு கொஞ்சம் அழுதேன்.

நோட்டில் புதிய பக்கம் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள், கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். பச்சை எப்போதும் தனிச் சுற்று. மூன்று கட்டத்திலும் இல்லாத விஷயம் வந்தால் யாரும் தனியாக முடிவெடுக்கக் கூடாது. பக்கத்து ராக்கைக் கேட்க வேண்டும். எழுதி முடித்துப் பேனாவை மூடினேன்.

"மூடாதீங்க, இன்னொன்னு இருக்குது" என்றார் இருதயராஜ். "அடுக்கும்போது விருந்தாளிங்க பேசக் கூடாது." எல்லோரும் சிரித்தார்கள். நான் அதையும் எழுதினேன், அழகாகவே.

பதினான்காம் நாள் கதவு திறந்தபோது கப்புகள் பால் மாதிரி வெளியே வந்தன. அன்வர் பாய் அவற்றை வைக்கோலில் சுற்றும்போதே இருதயராஜ் அடுத்த சுற்றை அடுக்கத் தொடங்கிவிட்டார். செல்வியின் பீங்கான் அகல் விளக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது தட்டில் ஒரு விளக்கு விளிம்புக்கு மிக அருகில் இருப்பது போலத் தெரிந்தது. அண்ணே என்று வாயைத் திறந்தேன்.

இருதயராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரத்துணி பிடித்த கையை மட்டும் தூக்கி, சுவரில் தொங்கிய நோட்டைக் காட்டினார்.

வாயை மூடிக்கொண்டேன். அவர் அடுத்த விளக்கை எடுத்தார், வைக்கப்போனவர் நின்றார், அந்த மூன்றாவது தட்டையே சற்று நேரம் பார்த்தார். பிறகு பக்கத்து ராக்கைப் பார்த்து, "பாய், இது உங்க பக்கம் வருதா?" என்று கேட்டார்.